வட்டம் போட்ட பெயர்கள்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை இரவு. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்த மகள் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அப்பா, கிரேசனைக் கொடுத்துட்டாங்கப்பா.”

எங்கள் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி, பிட்சர் (பந்து வீசுபவர்) கிரேசன் ராட்ரிகஸை ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து டெய்லர் வார்டு என்ற பேட்டரை வாங்கியிருந்தது. வார்டு அந்த சீசனில் 36 ஹோம் ரன் (நம் சிக்ஸர்போல் எல்லையைத் தாண்டும் அடி) அடித்தவர். ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு வருடம். ராட்ரிகஸுக்கு 26 வயதுதான். இன்னும் நான்கு வருடம் எங்களிடமே இருந்திருக்க வேண்டியவர். இன்னொரு பக்கம், 2024 ஜூலைக்குப் பிறகு அவர் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. முதலில் முதுகுத் தசை, அப்புறம் முழங்கை, கடைசியில் அறுவை சிகிச்சை.

மகள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பச்சை அட்டை போட்ட ஸ்கோர் நோட்டை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். எந்தப் பக்கத்தைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

2021 ஜூலையில் ஒரு மாலை. கொரோனாவுக்குப் பிறகு மைதானங்கள் திறந்திருந்த நேரம். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில், 301ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் போவி மைதானம். அப்போது போவி பேசாக்ஸ் என்று பெயர். 2025 முதல் செசபீக் பேசாக்ஸ் என்கிறார்கள். ஓரியோல்ஸின் டபுள் ஏ அணி, அதாவது மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே. மகளுக்கு ஒன்பது வயது. எங்களுக்கு முன்வரிசையில் பால்டிமோர்க்காரர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், மடியில் நோட்டும் காதில் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். பழைய மெமோரியல் ஸ்டேடியத்தில் 1966 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) வெற்றியைப் பார்த்த பையன் தான் என்று அறிமுகம் செய்துகொண்டார். மகள் அவர் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பிட்சருக்கு 1, கேட்சருக்கு 2, முதல் பேஸுக்கு 3. ஸ்ட்ரைக் அவுட் ஆனால் கட்டத்துக்குள் ஒரு ‘கே’. மட்டையை ஆட்டாமல் நின்றபடியே அவுட் ஆனால் அதே ‘கே’யைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும். அன்று திருப்பிப் போட்ட ‘கே’க்கள் நிறைய. வீசியவர் கிரேசன் ராட்ரிகஸ், 21 வயது. கேட்சராக நின்று பந்தைப் பிடித்தவர் ஆட்லி ருட்ச்மன், 23 வயது.

ருட்ச்மனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் அவர் பெஞ்சுக்குப் போகவில்லை. முகமூடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, கோட்டருகே நின்று, பிட்சர் இறங்கி வரும்வரை காத்திருந்து, தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டே கூட்டிப்போனார். ஒருமுறை ராட்ரிகஸ் வரிசையாக நான்கு பந்தை வெளியே வீசி ஒருவரை முதல் பேஸுக்கு நடக்க விட்டதும் காலால் மண்ணை எத்தினார். ருட்ச்மன் மெதுவாக, அவசரமே இல்லாமல், பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து போனார். பந்தைக் கையில் கொடுக்காமல் தானே உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டு ஏதோ பேசினார். ராட்ரிகஸ் சிரித்துவிட்டார். அடுத்த பந்து நேராக நடுவில் போய் விழுந்தது.

பெரியவர் போகும்போது மகளுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நோட்டில் எழுதின பெயர்களில் யாராவது மேஜர் லீக்கில் கால் வைத்தால், பழைய பக்கத்தைத் தேடிப்பிடித்து அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டுமாம். ஐம்பது வருடமாகப் போடுகிறாராம். வட்டம் இல்லாத பெயர்கள்தான் தன் நோட்டில் அதிகம் என்றார்.

எங்கள் அணியை இடித்துக் கட்டிய கதையை எழுத உட்கார்ந்தால் அந்த நோட்டுதான் முதலில் ஞாபகம் வருகிறது. ப்ராஸ்பெக்ட், அதாவது மேலே வருவான் என்று எதிர்பார்க்கப்படும் இளம் வீரன், என்ற சொல்லை இங்கே எல்லோரும் பங்குச் சந்தைப் பேச்சுபோல் பேசுகிறார்கள். எத்தனையாவது தரவரிசை, எவ்வளவு மதிப்பு, யாரைக் கொடுத்தால் யார் கிடைப்பார் என்று. எனக்கு அது போவியில் மண்ணை எத்திய ஒரு பையன்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலத்தில் எடுத்தவன் அந்த சீசனிலேயே களத்தில் இறங்குகிறான். இங்கே அப்படி இல்லை. வருடாவருடம் டிராஃப்ட் நடக்கும். பள்ளியிலும் கல்லூரியிலும் விளையாடும் பையன்களை அணிகள் வரிசையாக எடுக்கும். எடுத்தவுடன் மைனர் லீக்குக்கு அனுப்பிவிடுவார்கள். டெல்மார்வா, அபர்டீன், போவி, நார்ஃபோக் என்று அன்றைக்கு எங்களுக்கு நாலு படி. ஒவ்வொரு படியிலும் வடிகட்டல். பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், சின்ன மைதானங்களில் விளையாடி, மூன்று நான்கு வருடம் கழித்து மேலே வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலோர் வருவதே இல்லை. டிராஃப்டில் முந்தின வருடம் அதிகம் தோற்ற அணிக்கு முதல் தேர்வு என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற புகார் முற்றிப்போய், 2023 டிராஃப்டிலிருந்து குலுக்கல் முறை வந்தது. அதற்கு முன்பு தோல்விக்குக் கூலி உண்டு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013 என்று மூன்று வருடம் தொடர்ந்து நூறுக்கு மேல் தோற்று, அந்தக் கூலியை வாங்கிச் சேர்த்து, 2017இல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வென்றது. (அந்தக் கோப்பையில் சைகை திருடிய கறை இருக்கிறது. அது வேறு விஷயம்.) அந்த அலுவலகத்திலிருந்துதான் 2018 நவம்பரில் மைக் இலையாஸ் அணியைக் கட்டும் பொது மேலாளராக எங்கள் ஊருக்கு வந்தார்.

அவர் வரும்போது வீடு ஏற்கெனவே பாதி இடிந்திருந்தது. 2018இல் ஓரியோல்ஸ் 47 வெற்றி, 115 தோல்வி. ஜூலையிலேயே எங்கள் நட்சத்திர வீரர் மேனி மச்சாடோவை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து ஐந்து பேரை வாங்கியாயிற்று. அந்த ஐவரில் எல்லோரும் கொண்டாடியது யூஸ்னியல் டியாஸ் என்ற அவுட்ஃபீல்டரை. அவர் நிலைக்கவில்லை. அவ்வளவாகப் பேசப்படாத டீன் கிரேமர்தான் நின்று பிட்ச் செய்தார். தரவரிசைப் பட்டியலை நான் அதிகம் நம்பாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கெவின் காஸ்மன் போனார், ஜாக் பிரிட்டன் போனார், ஜொனாதன் ஸ்கோப் போனார். ஆடம் ஜோன்ஸ் மட்டும் நீண்ட நாள் ஆடியவருக்கான உரிமையைப் பயன்படுத்தி, போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த ‘மாட்டேன்’ எனக்கு அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

அடுத்த மூன்று வருடங்களை என்னவென்று சொல்ல! வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் அதுவரை வாடகை வீட்டில் இருப்பார்கள். எங்களுக்கு வாடகை வீடும் கிடையாது. கூரை இல்லாத வீட்டிலேயே மழையில் உட்கார்ந்திருந்தோம். 2019இல் எங்கள் பிட்சர்கள் கொடுத்த ஹோம் ரன்கள் 305. மேஜர் லீக் வரலாற்றில் ஒரு சீசனில் எந்த அணியும் அத்தனை கொடுத்ததில்லை. 108 தோல்வி. அந்த வருடத் தொடக்கத்தில் கிறிஸ் டேவிஸ், ஏழு வருடத்துக்கு 161 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டவர், முந்தின சீசனிலிருந்து தொடர்ந்து 54 முறை மட்டை பிடித்தும் ஹிட்டே (அடித்துவிட்டு பேஸைச் சேர்வது) இல்லாமல் போனார். ஏப்ரல் 13 அன்று பாஸ்டனில் அந்தத் தொடர் முடிந்தபோது, எதிரணி ஊரின் கூட்டமே கைதட்டியது.

2021இல் மறுபடி 110 தோல்வி. அதில் ஆகஸ்ட் மாதம் தொடர்ந்து 19. தினமும் இரவு பத்து மணிக்கு ஸ்கோரைப் பார்த்துவிட்டு விளக்கை அணைப்பேன். அலுவலகத்தில் ஒரு நண்பர் எனக்குக் கணக்கைப் புரிய வைக்கப் பார்த்தார்: தோற்கத் தோற்க நல்லது, அடுத்த டிராஃப்டில் மேலே போகலாம் என்று. கணக்கு சரிதான். ஆனால் களத்தில் நிற்கிறவனுக்கு அடுத்த டிராஃப்டால் என்ன பயன்? அவன் இடத்துக்குத்தான் அடுத்தவனை எடுக்கிறார்கள். அன்றைக்கு வீசிய பிட்சர்களில் பலர் அடுத்த வருடம் எந்த ஊரிலும் இல்லை. அணி தோற்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் அலுவலகத்தில் இருக்கிறார். தோற்றவன் என்று பெயர் வாங்குகிறவன் வெயிலில் நிற்கிறான். இதை நான் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 25, புதன்கிழமை, ஓரியோல்ஸின் சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸுக்கு நானும் மகளும் போனோம். எதிரே ஏஞ்சல்ஸ். வீசியவர் ஷோஹெய் ஓட்டானி. இருபதாவது தோல்வியைப் பார்க்கத்தான் போகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனோம். முதல் இன்னிங்ஸில் முதல் ஆளாக வந்த செட்ரிக் மல்லின்ஸ் ஓட்டானியின் பந்தை ஹோம் ரன் அடித்தார். வலதுபக்கம் அந்தப் பழைய ரயில்வே கிடங்கின் செங்கல் சுவர் மேல் மாலை வெயில் கிடந்தது. பாதிக்கு மேல் காலியான மைதானம், ஆனால் அந்தச் சத்தம் நிறைந்த மைதானத்தின் சத்தம். பிறகு பின்தங்கி, எட்டாவது இன்னிங்ஸில் மீண்டும் முந்தி, 10-6 என்று ஜெயித்தோம். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் மகளைத் தூக்கிச் சுற்றினார். 110 தோல்வி கண்ட அணியின் ரசிகர்கள் ஒரு சாதாரண புதன்கிழமை வெற்றிக்கு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனோம்.

மல்லின்ஸ் 2015இல் 13ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். அந்தத் தோல்வி வருடத்தில்தான் 30 ஹோம் ரன்னும் 30 ஸ்டீலும் (பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) சேர்த்து எடுத்த முதல் ஓரியோல்ஸ் வீரரானார். அதே வருடம் மே மாதம் சியாட்டலில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் வீசிய ஜான் மீன்ஸ் 11ஆவது சுற்று. இருவரும் பழைய நிர்வாகம் விட்டுப்போனவர்கள். இடித்துக் கட்டியதால்தான் எல்லாம் வந்தது என்று இப்போது எழுதுகிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள். பழைய வீட்டின் தேக்குத் தூண்கள்தான் புது வீட்டுக் கூடத்திலும் நின்றன.

டிரே மான்சினியைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2020 மார்ச்சில் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. 27 வயது. அந்த சீசன் முழுக்க சிகிச்சை. 2021இல் திரும்பி வந்தார். ஹோம் ரன் அடிக்கும் போட்டியான டெர்பியில் இரண்டாவது இடம் வரை போனார். தோல்விக் காலம் முழுவதும் எங்களோடு இருந்த முகம் அவருடையது. 2022 ஜூலை 28, பகல் ஆட்டம். பார்வையில்லாத சிறுவன், ஓரியோல்ஸ் ரசிகன் மோ காபா இறந்து சரியாக இரண்டு வருடம். மான்சினியும் அவனும் நெருக்கம். அன்று மான்சினி வலதுபக்கம் உயரத் தூக்கிய பந்து வெயிலில் ஃபீல்டரின் கண்ணுக்குத் தப்பி, அவர் முகத்தில் பட்டுத் தெறித்து ஓடியது. மான்சினி நாலு பேஸையும் ஓடியே சுற்றிவந்து சேர்ந்தார். கேம்டன் யார்ட்ஸில் ஓரியோல்ஸுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. ஆகஸ்ட் 1 அன்று அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். அப்போது எங்கள் அணி பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளுக்கான போட்டியில் இருந்தது. பல வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக.

அவருக்குப் பதிலாக வந்தது இரண்டு இளம் பிட்சர்கள். அதில் ஒருவர் சேத் ஜான்சன். அவரையும் இன்னொருவரையும் சேர்த்து 2024இல் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து கிரிகரி சோட்டோ என்ற பிட்சரை வாங்கினார்கள். சோட்டோவை 2025இல் மெட்ஸுக்குக் கொடுத்து மறுபடி இரண்டு இளம் பிட்சர்களை வாங்கினார்கள். அவர்கள் எப்போது வருவார்கள், வந்து என்ன ஆவார்கள் என்று காத்திருக்க வேண்டும். மான்சினி போன அன்று மகளுக்கு நான் சொன்ன சமாதானம், “அவர் போனாலும் அவருக்குப் பதிலா வர்றவங்க நமக்கு ஜெயிச்சுக் கொடுப்பாங்க” என்பது. அந்தச் சமாதானத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மான்சினிக்கு அந்த வருடமே ஹூஸ்டனோடு வேர்ல்ட் சீரிஸ் மோதிரம் கிடைத்தது. அதில் எனக்கு முழு சந்தோஷம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டிய வீடு அழகான வீடு. 2022 மே 21 அன்று ருட்ச்மன் வந்தார். முதல் பந்தைப் பிடிப்பதற்கு முன்னால் மைதானத்தை ஒரு சுற்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் எழுந்து நின்றது. முதல் ஹிட்டே டிரிப்பிள், ஒரே அடியில் மூன்று பேஸ். அன்று ராத்திரி மகள் போவிப் பக்கத்தைத் திறந்து முதல் வட்டத்தைப் போட்டாள், காம்பஸ் வைத்து. ருட்ச்மன் வந்த வாரத்திலிருந்து 2023 முடியும்வரை ரெகுலர் சீசனில் ஒரு தொடரில்கூட எல்லா ஆட்டத்தையும் எங்கள் அணி தோற்கவில்லை. 2022இல் 83 வெற்றி. 2023இல் 101 வெற்றி, யாங்கீஸும் பாஸ்டனும் இருக்கும் டிவிஷனில் (ஐந்து அணிகள் கொண்ட பிரிவு) முதலிடம். அலபாமாவில் சின்னப் பள்ளி ஒன்றிலிருந்து 42ஆவது ஆளாக எடுத்த கன்னர் ஹெண்டர்சன் ஏகமனதாக அந்த வருடம் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம். 2023 ஏப்ரலில் ராட்ரிகஸுக்கும் வட்டம். தோற்ற வருடங்களுக்கான கூலி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்டோபரில் பிளேஆஃபில் எதிரணியாக டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் வந்தது. 3-2, 11-8, 7-1. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, முடிந்தது.

அந்தத் தொடரைப் பற்றி நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் தோல்வி இல்லை. 2021இல் நாங்கள் 110 தோற்றபோது ரேஞ்சர்ஸ் 102 தோற்றிருந்தது. ஏறக்குறைய ஒரே குழியில் கிடந்த இரண்டு அணிகள். அந்த டிசம்பரில் ரேஞ்சர்ஸ் கோரி சீகருக்குப் பத்து வருடத்துக்கு 325 மில்லியன் டாலரும், மார்கஸ் செமியனுக்கு ஏழு வருடத்துக்கு 175 மில்லியனும் எழுதிக்கொடுத்தது. 2023 ஜூலையில் டிவிஷனில் மேலே இருந்தபோது, தன் ப்ராஸ்பெக்ட்களைக் கொடுத்து பிட்சர்கள் மேக்ஸ் ஷெர்சரையும் ஜார்டன் மான்ட்காமரியையும் வாங்கியது. அதே வாரத்தில் எங்கள் அணி பிட்சர் ஜாக் ஃபிளாஹர்ட்டியை வாங்கியது. அவர் எங்களுக்கு உதவவில்லை. எங்கள் பெட்டியில் பேஸ்பால் உலகமே பொறாமைப்பட்ட ப்ராஸ்பெக்ட் குவியல் இருந்தது. அதில் உச்சத்தில் இருந்தவர்களில் யாரையும் தொடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில், புதுமுக வருடத்திலேயே அக்டோபர் பாரத்தைத் தூக்க விட்ட ராட்ரிகஸ், இரண்டு இன்னிங்ஸ் முடிப்பதற்குள் ஐந்து ரன் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ருட்ச்மன் மேட்டிலேயே நின்று அவர் முதுகைத் தட்டினார். ரேஞ்சர்ஸ் கோப்பையை வென்றது.

பிறகு ரேஞ்சர்ஸ் சரிந்தது. 2024இல் பாதிகூட ஜெயிக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டி, பார்த்தாயா, அவசரப்பட்டவர்கள் கதி என்று சொல்கிறவர்கள் உண்டு. ரேஞ்சர்ஸின் ஊரான ஆர்லிங்டனில் 2023 என்று எழுதிய கொடி பறக்கிறதே! எங்களுக்குக் கடைசிக் கொடி 1983.

விதைநெல்லை எடுத்துச் சோறாக்கித் தின்றுவிடக் கூடாது என்று எந்த விவசாயியும் சொல்வார். இலையாஸ் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். அந்தப் பொறுமைக்கு நான் கைகூப்புகிறேன். ஆனால் மழை பெய்து வயல் ஈரமாக இருக்கிற வாரத்தில் நெல் சேர்த்த குதிரின் வாயைத் திறந்து விதைக்காவிட்டால் அது வெறும் நெல்தான். ப்ராஸ்பெக்ட் கெட்டுப்போகிற பொருள். பட்டியலில் மேலே இருக்கும்போது ஊரே கேட்கும். மேலே வந்து இரண்டு மாதம் தடுமாறினால் விலை பாதி. ஜாக்சன் ஹாலிடே 2022இல் முதல் தேர்வு, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ப்ராஸ்பெக்ட். 2024 ஏப்ரலில் வந்து முதல் பத்து ஆட்டத்தில் 34 முறைக்கு இரண்டு ஹிட். இருபது வயதுப் பையன். திருப்பி நார்ஃபோக்குக்கு அனுப்பினார்கள். அவர் பிற்பாடு தேறி வந்தது வேறு. ஒவ்வொரு பையனுக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

கைல் ஸ்டவர்ஸ் விஷயம் இன்னும் கனமானது. நார்ஃபோக்கில் வருடக்கணக்கில் ஹோம் ரன்களாக அடித்துக்கொண்டிருந்தார். மேலே அழைப்பார்கள், நாலு நாள் பெஞ்சில் வைப்பார்கள், திரும்ப அனுப்புவார்கள். மேலே இடம் இல்லை, கொடுக்கவும் மனமில்லை. கடைசியில் 2024 ஜூலையில் அவரையும் கானர் நார்பியையும் மயாமிக்குக் கொடுத்து பிட்சர் டிரெவர் ராஜர்ஸை வாங்கினார்கள். ராஜர்ஸ் அந்த வருடம் நாலே ஆட்டத்தில் நொறுங்கிப்போய் மைனருக்குப் போனார். 2025 ஜூலையில் மயாமி அணி கேம்டன் யார்ட்ஸுக்கு வந்தது. ஆல்ஸ்டாராகத் தேர்வாகியிருந்த ஸ்டவர்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மூன்றாவது பந்து பறந்தபோது என் பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட பலர் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் எங்கள் பையன். ராஜர்ஸும் அதே வருடம் எழுந்து நின்று 18 ஆட்டத்தில் 1.81 ஈஆர்ஏவோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது) முடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பேரத்தை இழப்பென்று சொல்ல முடியாது. ஒரு வருடம் முன்பே செய்திருந்தால் என்ற ஏக்கம்தான்.

பிட்சர்தான் இந்தக் கதையின் முடிச்சு. 2019 முதல் 2025 வரை முதல் சுற்றில் இலையாஸ் ஒரு பிட்சரைக்கூட எடுக்கவில்லை. ராட்ரிகஸ் அவருக்கு முந்தின நிர்வாகம் 2018இல் எடுத்தவர். இலையாஸின் காரணம் எனக்குப் புரிகிறது. பிட்சரின் முழங்கை நூலில் தொங்குகிற பானை. 2023 இறுதியில் ஃபெலிக்ஸ் பவுட்டிஸ்டா, 2024இல் கைல் பிராடிஷ், ஜான் மீன்ஸ், டைலர் வெல்ஸ் என்று வரிசையாக முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். பேட்டரை வளர்ப்பதே நிச்சயமான வழி. சரி, வளர்க்கவில்லை என்றால் வாங்க வேண்டும். 2024 பிப்ரவரியில் பிட்சர் கார்பின் பர்ன்ஸை வாங்கியபோது வழி பிறந்துவிட்டது என்றே நினைத்தேன். அக்டோபரில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக அவர் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். 0-1 என்று தோற்றோம். மறுநாள் 1-2. அந்தக் குளிர்காலத்தில் பர்ன்ஸ் ஆறு வருடத்துக்கு 210 மில்லியன் டாலருக்கு அரிசோனா போய்விட்டார். அவர் இடத்துக்கு 41 வயது சார்லி மார்ட்டனையும், ஜப்பானிலிருந்து வந்த 35 வயது டொமொயுக்கி சுகானோவையும் ஒவ்வொரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2024இல் அணியை வாங்கிய டேவிட் ரூபன்ஸ்டைன் பால்டிமோரில் பிறந்தவர், பணத்துக்குக் குறைவில்லாதவர். முதல் முழுக் குளிர்காலத்தில் அப்படிச் செய்தது எனக்குத் தாங்கவே இல்லை. பர்ன்ஸும் 2025 ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார் என்பது உண்மை. அதனால் அந்தத் தொகையைக் கொடுக்காதது சரி என்று இன்று சொல்லலாம். ஆனால் பர்ன்ஸ் இல்லையென்றால் வேறொருவர் என்று தேடியிருக்க வேண்டாமா?

2025 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு, சொந்த மைதானத்தில் சின்சினாட்டியிடம் 2-24. மே 17 அன்று மேனேஜர் பிராண்டன் ஹைடை அனுப்பினார்கள். அந்த 115 தோல்விக்குப் பிறகு வந்து, 19 தொடர் தோல்வியிலும் ஒவ்வொரு ராத்திரியும் மைக் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்ன மனிதர். வீடு கட்டுகிற காலம் முழுக்க வெயிலில் நின்ற மேஸ்திரி. ஜூலையில் மல்லின்ஸும் போனார். 75 வெற்றி, 87 தோல்வி, டிவிஷனில் கடைசி இடம்.

ராட்ரிகஸ் பேரம் நடந்தது இதற்குப் பிறகு. டிசம்பரில் பேட்டர் பீட் அலான்சோவை ஐந்து வருடத்துக்கு 155 மில்லியன் டாலருக்கு எடுத்தார்கள். அடுத்து, டிராஃப்டில் எடுத்துச் சில மாதங்களே ஆன பையன்களையும் சேர்த்து டாம்பாவுக்குக் கொடுத்து, பிட்சர் ஷேன் பாஸை வாங்கினார்கள். குதிர் திறந்துவிட்டது. 2023இல் செய்திருக்க வேண்டியதை இரண்டு வருடம் தாமதமாகச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். அப்போதைய கணக்குப்படி ருட்ச்மனுக்கு 2027 வரை, ஹெண்டர்சனுக்கு 2028 வரைதான் ஒப்பந்தக் கட்டுப்பாடு. அவர்களை எங்கள் ஊரிலேயே நிறுத்திவைக்கப் பணம் எழுதுவார்களா, அல்லது மச்சாடோவைப்போல் ஒரு ஜூலையில் ஐந்து பையன்களாக மாற்றுவார்களா? நூறு தோல்விகளைப் பொறுத்துக்கொண்ட ஊருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. இன்னொரு முறை கூரையைப் பிரித்தால் நான் மழையில் உட்காரத் தயாராக இல்லை. என் மகளிடம் உட்காரச் சொல்லவும் மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சோபாவில் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுக் கையெழுத்து. திருப்பிப் போட்ட ‘கே’க்களில் சிலது நேராகவே விழுந்திருக்கிறது, சிலது எண் நாலு மாதிரி இருக்கிறது. ராட்ரிகஸ் பெயரைச் சுற்றி நீல மையில் வட்டம், ருட்ச்மனைச் சுற்றி நீல வட்டம், இன்னும் ஓரிரண்டு. மற்றதெல்லாம் வெறும் பெயர்கள்.

“வேற டீமுக்குப் போனா வட்டத்தை என்னப்பா பண்றது?”

“அப்படியே இருக்கட்டும்மா. மேஜர் லீக்ல கால் வச்சவன்தானே.”

“ஏஞ்சல்ஸ் இங்க எப்ப வரும்?”

அட்டவணையை ஃபோனில் தேடினேன். அவள் நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு பக்கம்தான் பாக்கி, ஏப்ரலில் போவிக்குப் போகும்போது புது நோட்டு வேண்டும், இதே பச்சை அட்டைதான் வேண்டும் என்றாள்.